இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரு மவுஸ்

தென்விளிம்பு நிலையம், நிலா
பணிக் குறிப்பு

மார்ச் 4, காலை 7.10

காற்றழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால் நிறைந்திருக்கிறது. பனி உருக்கும் கலன் சீராக ஓடுகிறது. கீரைத் தட்டில் இரண்டே இரண்டு முளை. அதற்கே எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புதிதாக வருபவருக்கும் புரியும்படி எழுத வேண்டும் என்பது விதி. எனவே: நான் பியூலா தேவகனி, தூத்துக்குடி. இந்தக் குழிக்குள் உறைந்து கிடக்கும் பனியைத் தோண்டி, உருக்கி, தண்ணீராக்குவது இந்த நிலையத்தின் வேலை. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். என் மூச்சுக்காற்றும் அதிலிருந்துதான் வருகிறது. டிசம்பர் வரை இரண்டு பேர் இருந்தோம். கூட்டாளி இதயத்துல்லா, கீழக்கரைக்காரர், உடம்பு முடியாமல் ஊருக்குப் போய்விட்டார். அவரை அழைத்துப்போக வந்த அவசரக் கலத்தில் ஒருவர் படுக்கத்தான் இடம். அது கிளம்பும்போது வாரி இறைத்த கல்லும் புழுதியும் இறங்குதளத்தின் வழிகாட்டிக் கருவியை நொறுக்கிவிட்டன.

அதனால் 28ஆம் தேதி வரும் கலத்தை நான்தான் கையால் இறக்க வேண்டும். கோபுரக் கேமராவின் படத்தில் தளத்து விளக்கு தெரியும். மவுஸால் ஒரு சிலுவைக் குறியை அந்த விளக்கின் மேல் வைத்து, கலம் தரை தொடும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். கிளம்பும் புழுதியில் கலத்தில் இருப்பவருக்குத் தரை தெரியாது; குறி போகும் இடத்துக்குக் கலம் போகும். சுற்றிலும் சரிவு. குறி விலகினால் கலம் கவிழும். அதில் இரண்டு பேர் வருகிறார்கள். என்னை ஊருக்கு அழைத்துப் போவதும் அதே கலம்தான்.

இங்கே இரண்டு கம்ப்யூட்டர். காற்று, தண்ணீர், சூடு பார்ப்பதை வீடு என்போம். கலமும் கிரேனும் பார்ப்பதைத் தளம் என்போம். ஒன்றின் கோளாறு மற்றதைத் தொற்றக்கூடாது என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் கீபோர்டும் மவுஸும் ஒரே ஒரு ஜோடி. நடுவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி. பொத்தானை இப்படித் தள்ளினால் வீடு, அப்படித் தள்ளினால் தளம். கோடி கோடியாகச் செலவழித்துவிட்டு மவுஸில் எடையை மிச்சம் பிடித்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

இன்று அந்த மவுஸ் துள்ளுகிறது. பிடித்துவைத்த இடத்தில் கர்சர் நிற்பதில்லை. துடைத்துப் பார்க்கிறேன்.

மார்ச் 6, காலை 9.30

துடைத்தேன். அடியில் இருக்கும் கண்ணாடிச் சில்லில் தூசி இல்லை. மேசை பளபளப்பாக இருப்பதால் ஏமாறுகிறதோ என்று கறுப்புத் துணி விரித்தேன். பலனில்லை.

பழுது பார்க்கும் முறைப் பட்டியலை எடுத்தேன். முதல் வரி: "வேறு ஒருவர் கையில் கொடுத்து இயக்கிப் பார்க்கவும்." சிரிப்பு வந்தது. நிலாவின் இந்தப் பக்கத்தில் வேறு ஒருவர் என்றால் யார், கீரையா? 'பொருந்தாது' என்று அடித்துவிட்டு இரண்டாம் வரிக்குப் போனேன்.

இது புதுக் கோளாறும் அல்ல. நவம்பரில் இதயத்துல்லா இதையே சொன்னார். மவுஸுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார். நான் வாங்கி ஓட்டினேன். பசுமாடு போல் நடந்தது. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம் என்று அவரைக் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். 'விட்டுவிட்டு வரும் கோளாறு' என்று பதிந்துவிட்டு விட்டோம்.

மார்ச் 9, காலை 8.00

ஒழுங்காகச் செய்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பார், எழுது. எங்கள் தொழிலில் இதுதான் வேதம்.

வீட்டிலும் துள்ளுகிறது, தளத்திலும் துள்ளுகிறது. இரண்டிலும் ஒரே கோளாறு என்றால் அது இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். பொதுவானவை பெட்டியும் மவுஸும். பெட்டியைக் கழற்றிவிட்டு மவுஸை நேராகத் தளத்தில் செருகினேன். துள்ளியது. அப்படியானால் பெட்டி நிரபராதி, மவுஸ்தான் குற்றவாளி.

தூக்கம் சரியில்லை. இத்தனைக்கும் நல்ல படுக்கையில் படுக்கிறேன். உருக்கும் கலனை ஒட்டிய படுக்கை இதயத்துல்லாவுடையது. நிலையத்திலேயே கதகதப்பான இடம் அதுதான். அதற்கு நாங்கள் போடாத சண்டை இல்லை. அவர் போன மறுநாளே மூட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே குடியேறிவிட்டேன்.

மார்ச் 12, மாலை 4.15

உடைந்த பழைய மவுஸ் ஒன்று சாமான் பெட்டியில் கிடந்தது. வயர் அறுந்திருந்தது. ஈயம் உருக்கி ஒட்டவைக்க முற்பகல் முழுதும் போயிற்று. சாதாரண ஒட்டு, எப்படியோ மூன்று தடவை கோணலாகப் போய்விட்டது. எரிச்சலில் சூட்டுக்கோலை வீசி எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்து வந்தேன், வேறு யார் எடுப்பார்கள்.

மாட்டினேன். அதுவும் துள்ளுகிறது.

இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு மவுஸ், ஒரே துள்ளல். இனி மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

டீ காசைச் சப்பியது போல் இருக்கிறது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். ஊருக்குப் போனதும் பல் டாக்டர்.

மார்ச் 15, காலை 10.20

தரைக் கட்டுப்பாட்டு அறையில் என் பொறுப்பாளர் கோமதிநாயகம் அண்ணாச்சி, பாளையங்கோட்டைக்காரர். இன்று வந்த செய்தி:

"ஏ பியூலா, நேத்து என்ன அப்படி வள்ளுனு விழுந்த? மவுஸ் வேகத்தக் கொறச்சு வச்சுப் பாருன்னுதான சொன்னேன், ஒன் சொத்தையா எழுதிக் கேட்டேன்? இருவத்தெட்டாம் தேதி தில்லைநாயகி கலத்த ஓட்டிட்டு வாரா. ஒனக்கு ஒங்க ஊரு முந்திரி மக்ரூன் ஒரு டப்பா குடுத்து விட்டுருக்கேன். அதத் திங்கிற வரைக்குமாவது கோவப்படாம இரு."

வெட்கமாகிவிட்டது. அண்ணாச்சியிடம் நான் இதுவரை குரல் உயர்த்தியதில்லை. மன்னிப்புக் கேட்டுப் பதில் அனுப்பினேன்.

வேகத்தைக் குறைத்தேன். கர்சர் மெதுவாகத் துள்ளுகிறது. கீபோர்டின் அம்புக்குறிகளால் குறியை நகர்த்தலாமா என்று பார்த்தேன். ஒரு தட்டுக்குப் பத்து மீட்டர் தாண்டுகிறது, உதவாது. தரையிலிருந்து அவர்கள் பிடிக்கலாமா என்றும் கேட்டேன். செய்தி போய்வரும் சில நொடித் தாமதத்தில் கலம் சரிவுக்கு விலகியிருக்கும்.

மார்ச் 17, பகல் 1.05

பயிற்சி நிரலில் பொய்க் கலத்தை இறக்கிப் பார்த்தேன். ஐந்து முறை இறக்கினேன். இரண்டு நின்றது, மூன்று கவிழ்ந்தது.

கவிழும்போது திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வரும், அவ்வளவுதான். 

மார்ச் 19, காலை 7.40

"பியூலா, அண்ணாச்சி பேசுதேன். ஒக்காந்துக்கோம்மா. இதயத்துல்லா நேத்து சாயங்காலம் காலமாயிட்டாரு. அவங்க அத்தாவுக்கு, பெத்த அப்பாவுக்கு, இருந்த அதே நடுக்கவாதம், இவருக்கு வேகமாப் பத்திக்கிட்டுன்னு டாக்டர்மாரு சொல்லுதாங்க. அவங்க வீட்டம்மாவுக்கு நீ ஏதாவது சொல்லணும்னா அனுப்பு, நான் சேத்துருதேன்."

வேலை எதுவும் செய்யவில்லை. அழுதேன். இங்கே கண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது. துடைக்கத் தோன்றவில்லை.

இருபது மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நோன்புக்காலத்தில் சூரியனே எட்டிப்பார்க்காத இந்தக் குழியில் கீழக்கரை நேரம் பார்த்து நோன்பு திறப்பார். அவருக்காக நானும் அதுவரை தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். கிறிஸ்துமஸுக்கு அவர் கம்பியில் நட்சத்திரம் செய்து தந்தார். இப்போதும் என் தலைக்கு மேல் தொங்குகிறது.

அவர் மனைவி ஜுலைகாவுக்கு நாலு வரி அனுப்பினேன். எத்தனை முறை அடித்தும் எழுத்து தப்பிப் போனது. அழுகை என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 22, காலை 11.30

ஜுலைகாவிடமிருந்து பதில். ஒருமுறை கேட்டேன், பிறகு இன்னொரு முறை. என்னை லாத்தா என்கிறார், அக்கா என்று பொருள். அப்படியே பதிகிறேன்.

"லாத்தா, நான் ஜுலைகா. நீங்க அனுப்புனத உங்க அண்ணாச்சி படிச்சுக் காமிச்சாக. அவுக கடைசி வரைக்கும் உங்களப் பத்தித்தான் பேசுனாக. 'பியூலா அந்த மவுஸ வச்சுக்கிட்டு என்ன பாடு படுதோ'ம்பாக. இங்கன வந்தும் அதே கததான் லாத்தா. மகன் கம்ப்யூட்டர்ல ஒக்காந்து நெலாவுல எடுத்த போட்டோவெல்லாம் பாப்பாக. 'இந்த மவுஸும் கெடந்து குதிக்குது, எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு'ன்னு சிரிப்பாக. மகன் புதுசு வாங்கியாந்து மாட்டுனான். அதுவும் குதிக்கிதுன்னாக. கை நடுங்குதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அவுக மட்டும் ஒத்துக்கிடவே இல்ல. நீங்க பத்திரமா வந்து சேருங்க லாத்தா. அவுக சோறு போடச் சொன்னாக உங்களுக்கு."

கீழக்கரையில் வேறு கம்ப்யூட்டர். வேறு மவுஸ். பெட்டியே கிடையாது.

மார்ச் 22, பகல் 12.10

வலது கையை நீட்டி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தேன். தாள் சலசலத்தது. இடது கையிலும் வைத்தேன். அதுவும்.

வீட்டுக்கும் தளத்துக்கும் பொதுவானது மவுஸ். இரண்டு மவுஸுக்கும் பொதுவானது என் கை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். எனக்கு வேண்டியிருந்திருக்கிறது.

முதல் வரி. வேறு ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்கவும். நவம்பரில் அதைச் செய்தோமே! அவர் கையில் துள்ளியது, என் கையில் துள்ளவில்லை. விடை எங்கள் முன்னால் மேசை மேல் கிடந்தது. நான் பழமொழி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு வந்தது அத்தாவின் நோய் இல்லை. எனக்கும் அவருக்கும் ஒரே அத்தாவா என்ன?

மார்ச் 23, காலை 9.00

இருவருக்கும் பொதுவானது என்ன? ஒரே காற்று, ஒரே தண்ணீர். பிறகு அந்தப் படுக்கை. அவர் அதில் படுத்தார், அவருக்கு முதலில் வந்தது. டிசம்பரிலிருந்து நான் படுக்கிறேன்.

படுக்கைக்குப் பின்னால் உள்ள தகட்டைக் கழற்றினேன். உருக்கும் கலனின் மூடியில் தலைமுடி அளவு விரிசல். அதன் கீழே குளிர்ந்த குழாயின் மேல் வரிசையாக வெள்ளி முத்துகள். விரலால் தொட்டேன். என் கர்சர் ஓடியது போலவே சிதறி ஓடின.

பாதரசம். குழிப் பனியில் அது கலந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீரில் வராமல் வடிகட்டி பிடித்துவிடுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரும் தினமும் தண்ணீரைச் சோதித்து 'சரி' என்கிறது. உருகும்போது ஆவியாகக் காற்றில் வருவதைச் சோதிக்க யாரும் கருவி வைக்கவில்லை. நடுக்கம், ஈறில் ரத்தம், வாயில் காசு, தூக்கமின்மை, கோபம், எல்லாம் ஒரே கணக்குத்தான்.

என் கோபம்கூட என்னுடையது இல்லை. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு அதற்கும் அழுகை வந்தது.

கலனை அணைத்துவிட்டேன். பழைய குளிர்ந்த படுக்கைக்கு மாறிவிட்டேன். எல்லாவற்றையும் தரைக்கு அனுப்பிவிட்டேன். ஜுலைகாவிடம் சொல்லச் சொன்னேன்: மகனுக்கு இந்த நோய் வராது, பயப்பட வேண்டாம்.

மார்ச் 25, காலை 8.30

"பியூலா, ரத்தத்துல ஏறுனது எறங்க மாசக்கணக்கு ஆகுமாம். மருந்து கலத்துலதான் இருக்கு. மூடிக்கு மாத்து மூடியும் அதுலதான் வருது. கலம் வந்துட்டா எல்லாம் சரியாப் போவும். கையக் கெட்டி வச்சுப் பாரேன்? என்னமாவது செஞ்சு பாரும்மா. நான் இங்கன ஒக்காந்து என்ன செய்யட்டும், சொல்லு."

அண்ணாச்சி குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

கையைக் கட்டிப் பார்த்தேன். மணிக்கட்டை மேசையோடு பட்டை போட்டு இறுக்கினேன். மவுஸின் மேல் இரும்புக் கட்டியை வைத்துத் தள்ளினேன். இடது கை, இரண்டு கை, முழங்கை. பயிற்சி நிரலில் திரும்பத் திரும்ப இறக்கினேன். தாங்கிப் பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கூடுகிறது. நினைத்த இடத்தை நெருங்கும்போதுதான் அதிகமாக உதறுகிறது.

எல்லாம் கவிழ்ந்தன.

மார்ச் 27, மாலை 5.50

கலம் நிலாவைச் சுற்றத் தொடங்கிவிட்டது. ஓட்டி வருபவர் தில்லைநாயகி, மதுரைப் பெண். உடன் ஒரு பொறியாளர். எனக்கு வந்த செய்தி:

"அக்கா, தில்ல பேசுறேன். எல்லாத்தையும் கேட்டேன். உங்களப் பாத்துட்டுத்தான் ஊருக்குத் திரும்புவேன், ஆமா. குறி கொஞ்சம் ஆடுனா ஆடட்டும், நான் சமாளிச்சுக்குவேன். எறங்குறதா வேணாமாங்கறது ஓட்டுறவ முடிவு, நான் முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் குறிய வச்சுக் காட்டுங்க, போதும். மக்ரூன நான் இன்னும் தொடல, சத்தியமா."

குறி திரையில் இருக்கும்வரை கலம் இறங்கும். மவுஸ் தொடர்பு விட்டுக் குறி மறைந்தால் தானாகவே மேலேறித் திரும்பிவிடும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

திரும்பினால், குறி இல்லாமல் தானே இறங்கக்கூடிய அடுத்த கலம் ஆகஸ்டில். தொட்டித் தண்ணீர் மே வரை. ஆவியைத் தடுக்கும் முகமூடி இங்கே இல்லை. உருக்கினால் விஷம், உருக்காவிட்டால் தாகம்.

எனக்கு ஊருக்குப் போக வேண்டும். இதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் போலிருந்தது. எனக்கு ஊருக்குப் போக வேண்டும். துறைமுகத்து உப்புக்காற்றில் நிற்க வேண்டும். ஜுலைகா போடும் சோற்றைத் தின்ன வேண்டும்.

மார்ச் 28, காலை 10.12

தளத்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறேன். கலம் இறங்கத் தொடங்கிவிட்டது. கேமராவில் அதன் வெளிச்சம் தெரிகிறது. எவ்வளவு அழகு. குறியை விளக்கின் மேல் வைத்தேன். விலகுகிறது. வைத்தேன். விலகுகிறது. கலமும் கூடவே சரிவுக்கும் தளத்துக்கும் ஆடுகிறது.

"பரவால்லக்கா, வருது, வருது, அப்படியே புடிங்க."

அந்தப் பெண்ணுக்கு என்ன தைரியம்.

மார்ச் 28, காலை 10.31

பெட்டியின் பொத்தானை வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டேன். அந்த ஒரு வேலைக்கு மட்டும் கை நடுங்கவில்லை.

"அக்கா, குறியக் காணோம். பொத்தான் மாறிருச்சா? அக்கா, தளத்துக்குப் போடுங்க. மேல ஏறுதுக்கா, என்னால நிறுத்த முடியல. அக்கா, திருப்பிப் போடுங்கக்கா. அக்கா."

வீட்டுக் கம்ப்யூட்டர் எதிரே காற்றழுத்தம் சரி என்று காட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேரும் நலம். பதிகிறேன்.

ஏப்ரல் 16

நேரம் போடவில்லை. இதுவரை அழித்து அழித்துத் திருத்தினேன். இனி முடியாது, தப்பபோடேயே இருக்கட்டும்.

அண்ணாச்சி தினமும் பேபேசுகிறார். ஊர்க்கதைதான் சொல்கிறார், பாவம், வேறு என்ன சொல்வார். கோபித்துக்கொண்டேன் இன்று. அது பாதரசம், நான் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

கீரை பபெரிதாகிவிட்டது. என் தண்ணீரில் பாதி அதற்கு.

மே

குளிர். தண்ணீர் அடியில் கொஞ்சம். நட்சத்திரத்தைக் கழற்றிக் கையில் வைத்திருக்ககிறேன். அதுவும் ஆடுகிறது.

வருபவருக்கு. காற்றுக் கருவி இல்லாமல் உள்ளே முகமூடி கழற்றாதீர்கள். கலனின் மூடியை மாற்றறுங்கள். தகட்டுக்குப் பின்னால் முத்து முத்தாக இருக்கும், அழகாக இருக்கும், தொடாதீர்கள்.

மேசை மேல் மமவுஸ் இருக்கிறது. அதில் பழுது இல்லை. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறு ஒருவர் கையில் கொடுத்துப் பபாருங்கள். நன்றாக ஓடும்.